உப்புக் கிடங்கு, எண் மூன்று

ருமேனியாவின் வடக்கில், ஆறு திரும்பும் இடத்தில்
கொஸ்லேனி என்றொரு ஊர்.
முனிசிபாலிட்டிப் பதிவேட்டில்
இந்த யூதத் தொழுகைக்கூடத்தின் பெயர்
உப்புக் கிடங்கு, எண் மூன்று.

பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு.
சாம்பல் நிறம், சமையலுக்கு ஆகாது.
முப்பத்தொரு வருஷம்
மூட்டை மூட்டையாய்ப் படுத்துக் கிடந்தது
ஆட்கள் நின்று தொழுத தரையில்.

உப்பை அள்ளிப் போய் நாளாயிற்று.
சுவர்தான் இன்னும் விடவில்லை.
மழைக்கு முன் ஈரம் இழுக்கும்,
வெயிலுக்குப் பூக்கும்,
ஒவ்வொரு பூப்பிலும் ஓவியத்தை
நகக்கண் அளவு வெளியே தள்ளும்.
சிங்க ராசிக்கு இப்போது தாடை இல்லை.
விருச்சிகத்தில் வால் மட்டும்.

ஓவியம் மீட்க வந்தவள் ஒட்டிலியா.
காகிதக் கூழை நனைத்துச் சுவரில் அப்புவாள்,
காய்ந்ததும் உரிப்பாள்,
உரித்ததை நாக்கு நுனியில் தொட்டுப் பார்ப்பாள்.
அதற்கென்று கருவி இருக்கிறது, பெட்டியில், உறை பிரிக்காமல்.
"இன்னும் இருக்கு" என்பாள்.
ஒன்பதாம் முறையும் அதையே சொன்னாள்.

கட்டியது கெட்ஸல்.
ஆற்றில் தெப்பம் விட்டு மரம் விற்றவன்.
ஒரு வெள்ளத்தில் நாற்பது கட்டை போனது,
மகன் கரையேறினான்.
கணக்கு நேர் என்று சொல்லி
மிஞ்சிய கட்டைகளைக் கூரைக்குக் கொடுத்தான்.
ஹிண்டெ என்ற விதவை
மெழுகுத் திரி விற்ற காசில்
பெண்கள் மாடத்துக்கு ஒரு படி போட்டாள்.
ஒரே ஒரு படி. கீழிருந்து ஆறாவது.
இன்றும் அது மட்டும் கிரீச்சிடுவதில்லை.

ஆட்களை இங்கே எண்ண மாட்டார்கள்.
நெல் அளக்கிறவர் முதல் மரக்காலை
ஒன்று என்னாமல் லாபம் என்பாரே,
அந்த மாதிரி ஓர் அச்சம்.
பத்துப் பேர் கூடினால்தான் தொழுகை.
பத்துச் சொல் உள்ள வசனத்தை எடுத்து
தலைக்கொரு சொல்லாய் வைத்துப் பார்ப்பார்கள்.

போர் முடிந்து வந்த முதல் வெள்ளி மாலை
வசனம் ஏழாம் சொல்லில் நின்றது.
எட்டாவது, சுமக்கச் சொல்லும் சொல்.
அதற்குத் தலை இல்லை.
வாசலில் நின்று இருட்டும்வரை பார்த்தார்கள்,
பக்கத்து ஊரிலிருந்து யாராவது,
வழிதவறியாவது யாராவது.

மறு வருஷம் அந்த ஏழும் கப்பலேறியது.
சாவியை முனிசிபாலிட்டி மேசைமேல் வைத்து
ரசீது வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு வந்தவர் ட்ரயான், கிடங்குக் காப்பாளர்.
அவர் எண்ணினார்.
எண்ணுவதற்குத்தான் சம்பளம்.
சுண்ணாம்பு அடித்த சுவரில் பென்சிலால்
நான்கு கோடு நிற்கும், ஐந்தாவது குறுக்கே சாயும்.
கோட்டுக்கு அடியில், ஒரு தோல் சுண்ணாம்புக்கும் அடியில்
காசு கொடுத்தவர்களின் பெயர் வரிசை.
விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் இரண்டும் ஒன்றாய்த் தெரியும்,
ஒவ்வொரு பெயர்மேலும் யாரோ
வந்தாயிற்று என்று குறித்தது போல.

கோட்டை அழித்துப் பெயரை எடுக்க வேண்டும்
என்பது ஒப்பந்தம்.

கிழக்குச் சுவரில் மட்டும் உப்பு ஏறவில்லை.
மறைநூல் வைக்கும் பேழை இருந்த சுவர்.
ஓர் ஆள் நடக்கும் அகலம் விட்டு
மூட்டை அடுக்கியிருக்கிறார்,
முப்பத்தொரு வருஷமும்.
மரியாதையா என்று அவர் மகளிடம் போய்க் கேட்டாள்.
கொடியில் துணி உதறிப் போட்டபடி மகள் சொன்னாள்:
"அந்தப் பக்கம் கூரை ஒழுகும்.
உப்பு கரைஞ்சா அப்பா சம்பளத்துல பிடிப்பாங்க."

ஒட்டிலியா ஏணி போட்டு
கெட்ஸலின் கட்டைகளைத் தடவிப் பார்த்தாள்.
ஒழுகிய கறை இருந்தது,
கிழக்கே.
மேற்கேயும்.

கார்த்திகைக் குளிர் தொடங்குமுன் வேலை முடிந்தது.
பெயர்கள் எல்லாம் வெளியே வந்தன.
ஒரு சாண் இடம் தவிர.
அங்கே நான்கு கோடு நிற்கிறது,
ஒன்று குறுக்கே சாய்ந்திருக்கிறது,
அடியில் யாரென்று தெரியாது.
அறிக்கையில், ஏன் உரிக்கவில்லை என்ற கட்டத்தில்
பேனாவைச் சற்று நேரம் பிடித்திருந்துவிட்டு
எழுதினாள்:
இந்தப் பக்கம் ஈரம்.